ஐடி கார்டுல ஒரு பேர், பேஸ்லிப்புல ஒரு பேர்: ஸ்டாஃபிங் கம்பெனி வேலை எப்படி இருக்கும்?

கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேலை பார்க்கிறீங்க. இல்லைன்னா சிதம்பரம் மேலவீதியில செல்போன் கடையில ஒரு பிராண்டோட டி-ஷர்ட் போட்டு நிற்கிறீங்க. ஆனா உங்க ஆர்டர்ல கையெழுத்து போட்டது சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கிற ஒரு ஸ்டாஃபிங் கம்பெனி. அப்படின்னா சட்டப்படி உங்க முதலாளி அவங்கதான். லீவு கேட்கிறது இங்க, சம்பளத்துக்கு போன் அடிக்கிறது அங்க!

இது புதுசு இல்ல. மாஃபா பாண்டியராஜன்னு முன்னாள் அமைச்சர் பேரைக் கேட்டிருப்பீங்க. அந்த 'மாஃபா', 1992-ல் அவர் சென்னையில ஆரம்பிச்ச மனிதவள நிறுவனம். பின்னாடி நெதர்லாந்தோட ராண்ட்ஸ்டாட் குழுமத்துக்குப் போச்சு.

'ஏஜென்சிக்காரன் என் சம்பளத்துல கமிஷன் எடுக்கிறான்'னு நிறைய பேர் சொல்றீங்க. முறையா நடக்கிற கம்பெனியில கணக்கு எப்படின்னு பார்ப்போம். உங்க கிராஸ் 18,000, அதுல பேசிக் 15,000-ன்னு வைங்க. முதலாளி பங்கு பிஎஃப் 12% அதாவது 1,800, பிஎஃப் நிர்வாகக் கட்டணமும் இன்சூரன்ஸும் 150, இஎஸ்ஐ 3.25% அதாவது 585. மொத்தம் சிடிசி 20,535. உங்க பங்கா பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 0.75% அதாவது 135 பிடிச்சா கைக்கு வர்றது 16,065. ஆறு மாசத்துக்கு ஒருமுறை தொழில்வரி தனி. ஸ்டாஃபிங் கம்பெனியோட சர்வீஸ் சார்ஜ் இந்த 20,535-க்கு மேல, மொத்த பில்லுக்கு 18% ஜிஎஸ்டி அதுக்கும் மேல. ரெண்டையும் கட்டுறது நீங்க வேலை பார்க்கிற கம்பெனி. அதனால ஆஃபர்ல 20,535-ன்னு பார்த்துட்டு கைக்கு அவ்வளவு வரும்னு பைக் இஎம்ஐ போட்டுடாதீங்க. உள்ளூர்ல வேலை வாங்கித் தர உங்ககிட்டயே பணம் கேட்டா, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இதுல என்னோட பெரிய கவலை பிஎஃப்தான். பேஸ்லிப்புல 1,800 பிடிச்சிருக்கும், ஆனா கட்டியிருக்கணும்னு இல்ல. ஒவ்வொரு மாசப் பணமும் அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள கட்டப்படணும். 20-ம் தேதிக்கு மேல உமங் ஆப்ல பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. ரெண்டு மாசம் வரலைன்னா ஸ்டாஃபிங் கம்பெனிக்கு மெயில் போடுங்க, நீங்க வேலை பார்க்கிற கம்பெனியோட எச்ஆருக்கும் காப்பி வைங்க. ஏன்னா ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கலைன்னா முதன்மை முதலாளிதான் கொடுக்கணும்னு 1970 சட்டத்துலயே இருந்தது, புதுச் சட்டத்துலயும் இருக்கு. பிஎஃப்லயும் அவங்களுக்குப் பொறுப்பு உண்டு. அந்தக் காப்பி போனதும் வேகம் தெரியும் பாருங்க.

அடுத்தது கிராஜுவிட்டி. முன்னாடி ஒரே முதலாளிகிட்ட தொடர்ந்து 5 வருஷம் வேணும். நடுவுல வெண்டர் மாறினா, நீங்க அதே நாற்காலியில உட்கார்ந்திருந்தாலும் முதலாளி மாறிட்டதா சொல்லி கணக்கைப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகு, ஆரம்ப தேதி, முடிவு தேதி போட்ட ஒப்பந்தத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷ சர்வீஸ் இருந்தாலே கிராஜுவிட்டி உண்டு. இப்ப உங்க ஆர்டரை எடுத்து தேதியைப் பாருங்க. 11 மாசம்தான் போட்டிருக்கா? புதுப்பிக்கும்போது நடுவுல இடைவெளி விடறாங்களா? கையெழுத்துக்கு முன்னாடி எழுத்துல கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு இந்தக் கேள்வியை யாருமே கேட்கிறதில்ல.

வெண்டர் மாறும்போது யுஏஎன் மாறக்கூடாது, பழைய நம்பரையே கொடுங்க. பழைய கம்பெனி உங்க எக்ஸிட் தேதியைப் போடாம விட்டா பணம் டிரான்ஸ்ஃபர் ஆகாம நிற்கும். கடைசியா பிஎஃப் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் ஆச்சுன்னா, ஆதார் ஓடிபி வச்சு போர்ட்டல்ல நீங்களே அந்தத் தேதியைப் போட்டுக்கலாம்.