தேடுகிறவர் வாயில் வரும் சொல்



தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகள் பலவற்றில் அடுப்பு அணைவதில்லை. முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, அச்சுமுறுக்கு என்று சுட்டு விற்கிறார்கள் நம் தாய்மார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கை கொடுப்பது பல குடும்பங்களில் இந்தச் சிறு வருமானந்தான். இப்போது வீட்டிலுள்ள இளையவர்கள் இதற்கென இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுக்கிறார்கள். படம் போட்டாயிற்று, விலையும் போட்டாயிற்று. ஆயினும் கேட்டு வருவோர் இல்லை. பலகாரத்தில் குறையில்லை. பெரும்பாலும் குறை, அந்தப் பக்கத்தில் எழுதிய சொற்களில் இருக்கிறது.

கூகல் என்னும் தேடுபொறியை நாம் எல்லோரும் கைப்பேசியில் பயன்படுத்துகிறோம். 1998-ஆம் ஆண்டில் லேரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. நாம் கேட்கும் அந்த நொடியில் அது உலகமெல்லாம் ஓடித் தேடுவதில்லை. பெரிய நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமல்லவா? அதைப்போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே படித்துக் குறித்து வைத்திருக்கிறது. கேள்வி வந்ததும் அடைவைப் புரட்டிப் பொருத்தமானவற்றை வரிசைப்படுத்துகிறது. ஒத்த பொருளுடைய சொற்களையும் இன்று அது ஓரளவு அறியும். ஆனாலும் நாம் எழுதாத ஊரையும் சொல்லாத பண்டத்தையும் அதுவாக இட்டு நிரப்பிக்கொள்ளாது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'அன்னையின் கைமணம்', 'நாவூறும் நற்சுவை' என்று அழகாக எழுதுகிறோம். தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் பலகாரம் வேண்டுகிறவர் அப்படியா தேடுவார்? 'முறுக்கு எங்கே வாங்கலாம்' என்றுதான் தேடுவார். விற்பவருக்குப் பிடித்த சொல்லை விட்டுவிட்டு, வாங்குபவர் வாயில் வரும் சொல்லைப் பிடிக்க வேண்டும்.

நம் நாட்டில் இது இன்னும் சற்றுச் சிக்கலானது. வாங்குபவர் தமிழர் மட்டுமல்லர். தமிழரிலும் பலர் ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். ஒரு 'க' போடுவார் ஒருவர், இரண்டு போடுவார் இன்னொருவர். மலாய் நண்பர்கள் அதையே 'மருக்கு' என்பார்கள். ஆகவே ஒரே பண்டத்தைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இயல்பான வாக்கியங்களில் குறிப்பிடுவது நல்லது. பண்டிகையின் பெயரையும் கவனியுங்கள். வட இந்தியர் பலர் 'திவாலி' என்கிறார்கள்; மலேசியாவில் வழங்குவது 'தீபாவளி'. வெளிநாட்டுப் பக்கத்தைப் பார்த்து எழுதினால் நம் ஊர்க்காரர் கண்ணில் படாது.

வெறுமனே 'முறுக்கு' என்று மட்டும் எழுதினாலும் பயன் குறைவு. அந்தச் சொல்லைத் தட்டுகிறவர்களில் செய்முறை கேட்பவர் உண்டு, படம் தேடுபவர் உண்டு. பெரிய நிறுவனங்களும் அதே சொல்லுக்குப் போட்டியிடுகின்றன. 'சுங்கை சிப்புட்டில் தீபாவளி முறுக்கு ஆர்டர்' என்று தேடுகிறவர் சிலரே. ஆனால் அந்தச் சிலர் கையில் பணத்தோடு வருகிறவர்கள். நமக்கு வேண்டியவர்களும் அவர்களே.

இப்படிப்பட்ட சொற்களை எங்கே கண்டுபிடிப்பது? முதலில் வாடிக்கையாளர் அனுப்பிய பழைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். அவர்கள் என்ன சொல்லிக் கேட்டார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. அடுத்து, கூகல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டி நிறுத்துங்கள். மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கும். அவை பெரும்பாலும் மக்கள் உண்மையாகவே தேடியவை. கூகல் டிரெண்ட்ஸ் என்ற இலவச வசதியும் 2006 முதல் உண்டு. நாடு என்ற இடத்தில் மலேசியாவைத் தேர்ந்து, இரண்டு சொற்களை ஒப்பிட்டால், எது மிகுதி, எந்த மாதத்தில் ஏறுகிறது என்று கோடு காட்டும். அதிலுள்ள 100 என்பது நூறு பேரைக் குறிப்பதன்று. அந்தக் காலத்தின் உச்ச அளவை அப்படிக் குறிக்கிறார்கள். கோடு ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே பக்கம் தயாராக இருக்க வேண்டும், ஏனெனில் புதிய பக்கத்தைத் தேடுபொறி படித்து அடைவில் சேர்க்கச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம்.

தேர்ந்த சொல்லைப் பக்கத்தின் தலைப்பிலும் முதல் சில வரிகளிலும் படத்துக்கான விளக்கத்திலும் எழுதினால் போதும். ஒரே சொல்லை ஐம்பது முறை அடுக்குவதும், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைப்பதும் பழைய தந்திரங்கள். அவற்றைக் கண்டால் கூகல் அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளிவிடும். பக்கத்தின் உள்ளே மறைவாகக் குறிச்சொற்களைப் பட்டியலிடும் வழக்கமும் ஒன்று இருந்தது. வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகல் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதைச் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆசை காட்டுபவர்களும் உண்டு. "ஐந்நூறு வெள்ளி கொடுங்கள், முதல் இடம் வாங்கித் தருகிறோம்" என்பார்கள். முதல் இடத்துக்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது என்று கூகலே எழுதி வைத்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு மேலே காட்டுவது விளம்பரம்; அது விளம்பரம் என்ற குறிப்புடன்தான் வரும்.

சொந்தமாக இணையத்தளம் வைத்திருப்பவர்கள் கூகல் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் பதிந்துகொள்ளுங்கள். எந்தெந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் தென்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை அது காட்டும். நாம் எண்ணியே பாராத சொல் ஒன்று அதில் இருக்கலாம். அதிரசம் கேட்டு வந்தவர்கள் முறுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தால், அதிரசத்துக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதிவிடுங்கள்.