கறையின் மறுமுனையில் ஒரு சிரிப்பு

மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், கதவைத் திறக்கப்போகிறோம்! இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம். உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள், அவற்றில் தண்ணீர், தண்ணீருக்குள் செத்த பிராணிகள். எலும்பே இல்லாத ஆம்பியாக்ஸஸ் ஒரு பக்கம், லாம்ப்ரே என்ற மீனின் குஞ்சு ஒரு பக்கம். யாரும் இவற்றைக் கெடாமல் காக்கவில்லை. வேண்டுமென்றே அழுகவிடுகிறார்கள்! மாதக்கணக்கில்! அவ்வப்போது ஒன்றை வெளியே எடுத்து, எது கரைந்தது, எது மிச்சம் என்று பார்த்துப் படம் எடுத்து வைக்கிறார்கள்.

ராப் சான்சம், சாரா கேபட், மார்க் பர்னெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்த நாற்றத்திலிருந்து கண்டெடுத்த முடிவு 2010-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒரு பிராணியை அதன் மூதாதையரிடமிருந்து பிரித்துக் காட்டுகிற புதிய உறுப்புகள்தான் முதலில் அழுகுகின்றனவாம். முதுகுநாண், தசைக்கட்டு போன்ற பழைய சொத்துகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. அப்படியென்றால், பிணம் நாளாக ஆக அதன் பாட்டனுக்குப் பாட்டன் சாயலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது! பாறையில் எளிய புழுபோல ஒன்று தெரிந்தால், அது பிறவியிலேயே எளியதா, பாதி அழுகியபின் பதிந்ததா என்று கேட்டே ஆகவேண்டும்.

இப்படிச் சீக்கிரம் கரைகிற உடம்பு எப்படித்தான் கல்லில் ஏறுகிறது? கனடாவின் யோஹோ தேசியப் பூங்காவுக்கு வாருங்கள். அங்குள்ள ஒரு மலைச்சரிவு 50 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடி. உயரமான சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஒன்றின் காலடியில் மாவுபோன்ற நைசான சேறு திடீரென்று சரிந்து, அங்கிருந்த பிராணிகளை அப்படியே மூடிவிட்டது. பிணம் தின்னிகள் நெருங்க முடியவில்லை, ஆக்சிஜனும் எட்டவில்லை, அழுகல் மெதுவானது. மேலே மேலே விழுந்த சேற்றின் கனத்தில் உடம்பு நசுங்கி, மெல்லிய கரிப்படலமாக மிஞ்சியது. அந்தச் சேறுதான் இன்றைய பர்ஜெஸ் ஷேல் பாறை. 1909-ல் சார்லஸ் வால்காட் இதைக் கண்டுபிடித்துச் சுமார் 65,000 மாதிரிகளைச் சேர்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சேற்றோடு உருண்டு வந்ததால் பிராணிகள் குப்புற, ஒருக்களித்து, தலைகீழாக என்று எல்லாக் கோணத்திலும் கிடக்கின்றன. ஒரே உடம்பின் கால்களுக்கு நடுவிலும் இம்மியளவு சேறு நுழைந்திருக்கிறது. அதனால் மேல்படலத்தைச் சுரண்டினால் அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு வெளியே வரும்! ஆய்வாளர் ஹாரி விட்டிங்டன், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற குட்டித் துளைப்பான் ஒன்றோடு உட்கார்ந்து, ஒபாபினியா என்ற பிராணியின் உடலுக்கு அடியில் கால்களைத் தேடினார். சுரண்டினார், சுரண்டினார். கால்களே இல்லை! கிடைத்ததோ ஐந்து கண், முன்னால் நீட்டிய துதிக்கை, அதன் நுனியில் இடுக்கி. அந்தப் படத்தை 1972-ல் அறிஞர்கள் கூடிய அரங்கில் காட்டியபோது அரங்கமே சிரித்துவிட்டதாம். அந்தச் சிரிப்பைக் கேட்க நானும் அங்கே இருந்திருக்கக் கூடாதா!

இனி, அதே பாறையில் கிடைத்த ஹலூசிஜீனியா என்ற பிராணி. சில சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். 1977-ல் சைமன் கான்வே மாரிஸ் அதை வரைந்தபோது முதுகு முட்களைக் கால்கள் என்று நினைத்து நிற்கவைத்தார். 1991-ல் சீனாவில் கிடைத்த உறவுக்காரப் பிராணிகளை வைத்து ராம்ஷோல்டும் ஹோவும் அதைப் புரட்டிப்போட்டார்கள். சரி, தலை எந்தப் பக்கம்? ஒரு முனையில் பலூன்போலக் கருப்பாக உருண்டை இருந்தது. அதுதான் தலை என்று பலரும் நம்பினார்கள். 2015-ல் மார்ட்டின் ஸ்மித்தும் ஜான்-பெர்னார்ட் கேரனும் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அது உடம்பே இல்லை! புதையும்போது சேறு அழுத்தியதில் பின்புறத்திலிருந்து பிதுங்கி வழிந்த திரவம், அவ்வளவுதான். குடலின் கறையைத்தான் இத்தனை வருடம் முகம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உடனே மறுமுனைக்கு ஓடினார்கள். கண் கிடைக்குமா என்றுதான் தேடினார்கள். இரண்டு குட்டிக் கண்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே வாயைச் சுற்றி வளையமாகப் பற்கள், ஐம்பது கோடி ஆண்டுகள் தாண்டி அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.