முழங்காற்சில்லின் வலியும் அதிர்வலைச் சிகிச்சையும்



தில்லி இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்குச் சென்று வந்தவர்களுக்கு அதன் படிகளை நான் வருணிக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு ஒரு கிருத்திகையன்று அப்படிகளில் இறங்கும்போது என் வலது முழங்காற்சில்லுக்குப் பின்னால் சுருக்கென்று ஒரு வலி தோன்றியது. பிறகு அலுவலக நாற்காலியில் இரண்டு மணி நேரம் அமர்ந்துவிட்டு எழுந்தாலும் அதே வலி. தரையில் சம்மணமிட்டு உண்பதும் நின்றுபோயிற்று. நாற்பத்தாறு வயதிலேயே இப்படியென்றால், ஓய்வு பெற்று ஊர் திரும்பும் காலத்தில் என் கதி என்னவாகுமோ என்று அஞ்சினேன். மாடிக் குடியிருப்பிலும் இரயில் நிலைய மேம்பாலத்திலும் நாள்தோறும் ஏறி இறங்கும் நம்மவர் பலருக்கும் இவ்வச்சம் உண்டு. ஆகையால் நான் அறிந்துகொண்டவற்றைச் சொல்லுகிறேன்.

முழங்காற்சில்லு என்பது தொடையின் முன்புறத் தசைநாணுக்குள் பதிந்து கிடக்கும் ஓர் எலும்பு. கிணற்று இராட்டினம் கயிற்றுக்கு உதவுவதுபோல், காலை நீட்டும் தசைக்கு அது உதவுகிறது. அதன் பின்புறத்தைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. நம் உடலில் மிகத் தடித்த குருத்தெலும்புகளுள் அதுவும் ஒன்று. தடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. படியில் இறங்கும்போது உடல் எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் அங்கே விழுகிறது. ஆழக் குந்தும்போது அது இன்னும் பன்மடங்காகிறது.

இக்குருத்தெலும்பு மென்மையடைந்து தேய்வதையே மருத்துவர்கள் ‘காண்ட்ரோமலேசியா’ என்கிறார்கள். இதில் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, குருத்தெலும்பில் நரம்பு இல்லை. ஆதலால் அது தானாக வலிப்பதில்லை. அடியிலுள்ள எலும்பும், மூட்டின் உட்சவ்வும், அருகிலுள்ள கொழுப்புத் திசுவுமே வலியை உணர்த்துகின்றன. படத்தில் தேய்வு தெரிந்தும் வலியே இல்லாதவர் பலர் உண்டு. இரண்டாவது, அதில் இரத்தக் குழாயும் இல்லை. மூட்டிலுள்ள திரவத்தை, அழுத்தும்போது வெளிவிட்டும் தளர்த்தும்போது உறிஞ்சியும், பஞ்சுபோல் அது உணவு பெறுகிறது. எனவே வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காமலே வைத்திருப்பது நன்மையாகாது.

இனி, அதிர்வலைச் சிகிச்சைக்கு வருவோம். சிலர் இதனை ‘அதிர்ச்சி அலை’ என்று மொழிபெயர்த்து, கேட்பவரை நடுங்க வைத்துவிடுகிறார்கள். இதில் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. இது ஒலியைப் போன்ற ஓர் அழுத்த அலை. 1980-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மூனிச் நகரில் சிறுநீரகக் கல்லை உடைப்பதற்கு இது முதன்முதலாக மனிதரிடம் பயன்பட்டது. பின்னர் எலும்பு, தசைநாண் நோய்களுக்கும் வந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாட்பட்ட குதிகால் வலிக்கு இதனை அனுமதித்தது. கைப்பிடிக் கருவியைத் தோலின்மேல் வைத்து, வாரத்திற்கு ஒரு முறையாக மூன்று முதல் ஐந்து வாரம் வரை பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

நான் சென்ற ஒரு சிகிச்சைக்கூடத்தில், ஐந்து முறை இதனைப் பெற்றால் குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்றார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தொகையோ என் மகனின் பள்ளிக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்தது. பணம் கட்டுவதற்கு முன் வேறொரு மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் கேட்டேன். “அலை சிலருக்கு வலியைக் குறைக்கக்கூடும்; தேய்ந்த குருத்தெலும்பை அது மீண்டும் வளர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. முதலில் உங்கள் தொடைக்கும் இடுப்புக்கும் வேலை கொடுங்கள், ஐயா” என்றார் அவர். அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. முழங்காற்சில்லு வலியை ஆராயும் பன்னாட்டு வல்லுநர்கள் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்தறிக்கை, முழங்காலுக்கும் இடுப்புக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சியையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. தசை வலுத்தால் சில்லு தன் தடத்தில் ஒழுங்காக ஓடவும் கூடும். மூட்டும் சுமையைத் தாங்கப் பழகும்.

அவர் கற்பித்த பயிற்சிகள் எளியவை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மறுகாலை நேராக நீட்டி ஓரடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவது ஒன்று. ஒருக்களித்துப் படுத்து மேற்காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது மற்றொன்று. இரு முழங்கால்களையும் மடக்கி இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது மூன்றாவது. வலி தணிந்தபின், தாழ்வான ஒரு படியில் மெல்ல ஏறி இறங்குவது நான்காவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று தடவை. பயிற்சியின்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாட் காலைக்குள் அது தணியாவிட்டால் அளவைக் குறைக்கவேண்டும். பயன் தெரிய மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

பயிற்சியால் குணம் போதாதவர்கள் மருத்துவரைக் கலந்து அதிர்வலையைத் துணையாகக் கொள்ளலாம், பயிற்சியைக் கைவிடலாகாது. கருவுற்றவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள், அவ்விடத்தில் புற்றுநோய் உள்ளவர்கள், எலும்பு வளரும் பருவத்துச் சிறுவர்கள் ஆகியோருக்கு இச்சிகிச்சை ஏற்றதன்று. முழங்கால் வீங்கினாலும், பூட்டிக்கொண்டதுபோல் மடங்காமல் நின்றாலும், நடக்கையில் திடீரென்று தளர்ந்து விட்டுவிட்டாலும், சிவந்து காய்ச்சல் கண்டாலும் தாமதமின்றி மருத்துவரைக் காணவேண்டும்.

நான் அந்த ஐந்து முறைச் சிகிச்சையைப் பெறவில்லை. முதல் மாதம் பலன் ஒன்றும் தெரியாமல் மனம் சலித்ததுண்டு. நான்காம் மாதம் மலைமந்திர்ப் படிகளில் கைப்பிடியைப் பற்றாமல் இறங்கினேன். குந்தி எழுந்தால் இன்னும் சற்று வலிக்கிறது. ஆனால் இலையைத் தரையில் விரித்துச் சம்மணமிட்டு உண்கிறேன்.