24 கிலோபைட்டில் ஒரு மைதானம்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்திலோ, தொண்டூர் பக்கத்திலோ பேஸ்பால் ஆடும் வழக்கம் கிடையாது. அறுவடை முடிந்த வயலும் தண்ணீர் வற்றிய ஏரியும் கிரிக்கெட்டுக்கே சொந்தம். இருந்தும், தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடி வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு பேஸ்பால் அறிமுகமான விளையாட்டு. மரியோவும் காண்ட்ராவும் இருந்த கேசட்டுகளில், பட்டியலில் கொஞ்சம் கீழே போனால் அதுவும் இருக்கும். கடைக்குப் போய் யாரும் அதைக் கேட்டு வாங்கியதில்லை. பிறகு எப்படி வந்தது என்று தேடிப் போனால், ஒரு சிப்பின் கொள்ளளவில் போய் நிற்கிறோம்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற டிவி கேம் கருவியை 1983 ஜூலை 15 அன்று வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று ‘பேஸ்பால்’ வந்தது. மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவுக்கு இதன் வடிவமைப்பிலும் பங்கு உண்டு. 1985இல் இந்தக் கருவி என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோது, முதல் வரிசை விளையாட்டுகளில் ஒன்றாக பேஸ்பாலும் போனது. இந்தியாவில் ‘சாமுராய்’ என்ற பெயரில் முறைப்படி விற்றார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்ந்தது ஃபேமிகாமின் நகல்தான். அமெரிக்கக் கருவியில் போலி கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டுச் சிப் இருந்தது. ஜப்பானியக் கருவியில் அது இல்லை. அதனால் நகலெடுத்தவர்கள் ஜப்பானிய வகையையே பிடித்துக்கொண்டார்கள்.

பேஸ்பாலின் மொத்த அளவு 24 கிலோபைட். நிரலுக்கு 16, படங்களுக்கு 8. யூனிகோடின் UTF-8 முறையில் கணினியில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் பிடிக்கும். ‘க’ ஒரு குறியீடு, ‘கொ’ இரண்டு. ஆக 24 கிலோபைட்டில் 8,192 குறியீடுகள் அடங்கும். இரண்டு பக்க வார இதழ்க் கட்டுரை ஒன்றுக்கே அது சரியாகப் போய்விடும். அந்த இடத்துக்குள் மைதானம், இரண்டு அணி, பந்து வீச்சு, ஓட்டம், அவுட், ஸ்கோர்போர்டு, இசை எல்லாம் இருக்கின்றன.

பல விளையாட்டுகளை ஒரே கேசட்டில் அடைத்து விற்றவர்களுக்கு இந்தச் சிறிய உருவம் வசதியாகப் போயிற்று. 1983, 84இல் வந்த விளையாட்டுகளுக்குக் கேசட்டில் தனியாக உதவிச் சிப் எதுவும் தேவையில்லை. ஒரு பெரிய சிப்பில் வரிசையாகப் பதிந்து, எந்தப் பகுதியைத் திறப்பது என்று சொல்ல ஒரு சின்ன சர்க்யூட் வைத்தால் போதும். டென்னிஸ், கோல்ஃப், பேஸ்பால் எல்லாம் இப்படித்தான் கூட்டமாக வந்து இறங்கின. ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருந்தவை சிலவே. ஒரே விளையாட்டை வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கவைத்துக் கணக்கை ஏற்றியிருப்பார்கள்.

கருவியின் மூளை 6502 வகைச் சிப். வேகம் நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பு. வேலை நினைவகம் 2 கிலோபைட்தான். அந்தச் சிப்புக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பெருக்கத் தெரியாது. பள்ளியில் நாம் படிக்கும் எறிபொருள் சமன்பாட்டில் பெருக்கல் இல்லாமல் ஒரு வரி நகராது. அப்படியிருக்க, இத்தகைய சிப்பில் தூக்கி அடித்த பந்து வளைந்து விழுவதை எப்படிக் காட்டுவது?

அக்கால நிரலாளர்கள் கூட்டலைக் கொண்டே அதைச் சாதித்தார்கள். பந்து மேலே கிளம்பும் வேகம் 8 என்று வையுங்கள். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு ஃபிரேமிலும் உயரத்தோடு வேகத்தைக் கூட்டு, பிறகு வேகத்தில் 1 கழி. உயரம் 8, 15, 21, 26, 30, 33, 35, 36 என்று ஏறும். 36இலேயே ஒரு கணம் நிற்கும். பிறகு 35, 33, 30 என்று இறங்கும். தாளில் குறித்துப் பாருங்கள், அச்சு அசலாகப் பரவளையம் வரும். ஒரு கூட்டல், ஒரு கழித்தல். புவியீர்ப்பை இவ்வளவு சுருக்கமாக எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பு அடங்கவில்லை.

படம் வரைவதிலும் நெருக்கடி இருந்தது. நகரும் உருவங்களை 8 புள்ளி அகலமுள்ள துண்டுகளாகத்தான் அடுக்க முடியும். திரை முழுவதற்கும் 64 துண்டு, ஒரு கிடைக்கோட்டில் 8 துண்டு. அதற்கு மேல் கிடையாது. ஓர் ஆட்டக்காரர் 16 புள்ளி அகலம் என்றால் ஒரே வரிசையில் நான்கு பேர் நின்றதும் கோட்டா தீர்ந்துவிடும். டிவி கேமில் உருவங்கள் மினுக்கிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம்; இருக்கும் இடத்தை ஆளுக்கொரு ஃபிரேமாகப் பங்கிட்டுக் காட்டினார்கள். ஆடும் முறையும் எளிமைதான்: பேஸ்பாலில் ஃபீல்டர்கள் தாங்களே ஓடிப் பந்தைப் பிடிப்பார்கள். எந்த பேஸுக்கு எறிவது என்பது மட்டும் நம் கையில். இது குறைதான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதியே தெரியாத ஒரு பிள்ளை, ஃபீல்டர் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே விளையாட்டைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

நம் வீடுகளில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாகவும் ஓடியது. அன்றைய ஜப்பானிய டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்திய டிவிக்கு 50. விளையாட்டின் கடிகாரம் அந்தத் திரைத் துடிப்புதான். 30 ஃபிரேமில் வந்து சேரும் பந்துக்கு டோக்கியோவில் அரை நொடி என்றால், செஞ்சியில் 0.6 நொடி. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு பேட்டை வீச பத்தில் ஒரு நொடி கூடுதலாகக் கிடைத்தது. பேஸ்பாலில் அது பெரிய சலுகை.

கேசட் ஓடாவிட்டால் கழற்றி ஊதுவோம். ஊதியதால் அது ஓடியதில்லை; திரும்பச் செருகும்போது தகடுகள் உரசிச் சரியாக உட்கார்ந்ததுதான் காரணம். மூச்சின் ஈரம் பட்டால் அந்தத் தகடுகள் நாளடைவில் அரிக்கும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தகட்டைத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் செருகிப் பாருங்கள். பழைய அடாப்டரின் வோல்டேஜையும் முனையையும் சரிபார்க்காமல் மட்டும் இணைக்காதீர்கள். ஓடினால், நிரல் எழுதப் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்து, பந்து மேலே போகும்போது அந்த ஒரு கூட்டலையும் ஒரு கழித்தலையும் சொல்லிக்கொடுங்கள்.