பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் ஏற்றப்படும் மகாதீபத்திற்கு வேண்டிய நெய்யை 2,668 அடி உயரமுள்ள மலையுச்சிக்கு மனிதர்களே சுமந்து செல்கின்றனர். அதனை ஒரே பாத்திரத்தில் தூக்க இயலாது. பிரித்தே கொண்டு செல்ல வேண்டும். பாத்திரம் சிறியதானால் நடை பெருகும். பெரியதானால் நடை குறையும். ஆனால் பாறை இடுக்கில் நுழையாமற் போகலாம். கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போதும் இதே சிக்கல் எழுகிறது.

1,500 எப்படி வந்தது?

கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1980இல் வெளியான அதன் பொது விதிகளின்படி, ஒரு பொட்டலத்தில் அதிக அளவாக 1,500 பைட் செல்லலாம். இந்த உச்ச அளவை எம்.டி.யு. என்பர். அந்நாளில் எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒருவர் நெடுநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் காத்திருக்க நேரும். நினைவகமும் அன்று விலை மிகுந்தது. ஆகவே சிறிய அளவே போதுமெனக் கொண்டனர்.

சுமையும் கூலியும்

ஒவ்வொரு பொட்டலத்துடனும் முகவரி, பிழைச் சோதனை எண், இடைவெளி ஆகியவற்றுக்காக மொத்தம் 78 பைட் செலவாகிறது. 1,500 பைட் அளவில், கம்பியில் ஓடும் 1,538 பைட்டுகளில் 1,460 மட்டுமே நம் சரக்கு. அதாவது 95 விழுக்காடு. அளவை 9,000 ஆக்கினால் 9,038இல் 8,960 சரக்காகும். இது 99 விழுக்காடு. இத்தகைய பெரும் பொட்டலத்திற்கு ‘ஜம்போ’ என்று பெயர்.

இலாபம் 4 விழுக்காடுதானா என்று கேட்கலாம். நொடிக்கு 100 கோடி பிட் செல்லும் கம்பியில் முன்னர் நொடிக்கு 81,000 பொட்டலங்களைக் கையாண்ட கணிப்பொறி, இப்போது 14,000க்கும் குறைவாகக் கையாண்டால் போதும். பலரும் ஒரே சேமிப்பகத்திலிருந்து பெரிய கோப்புகளை எடுக்கும் இடங்களில் இது பயன் தரும். எனினும், இக்காலப் பிணைய அட்டைகள் இவ்வேலையில் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொள்வதால் இலாபம் எங்கும் ஒரே அளவில் இராது.

ஒரு மாலைப்பொழுது

எங்கள் ஆய்வகத்தில் பொதுச் சேமிப்பகம் அமைத்தபோது, அதிலும் கணிப்பொறிகளிலும் 9,000 என்று மாற்றினேன். கோப்புகளின் பட்டியல் உடனே திரையில் வந்தது. மறுநாள் ஆய்வேடு ஒப்படைக்க வேண்டிய மாணவி ஒருவர் தம் அளவீட்டுக் கோப்பைத் திறந்தார்; திரை உறைந்து நின்றது. கோப்பு அழிந்துவிட்டதென்றே அவர் அஞ்சினார்.

கோப்புக்கு ஒன்றும் நேரவில்லை. இடையிலிருந்த சுவிட்ச் பெட்டியை நான் மறந்துவிட்டேன். அது 1,500லேயே இருந்தது. இரு முனைகளும் தமக்குள் பேசி 9,000 என்று முடிவு செய்துகொண்டன. ஆனால் நடுவிலுள்ள சுவிட்ச், அளவு மீறிய பொட்டலத்தைச் சொல்லாமற் கொள்ளாமல் கைவிட்டது. பட்டியல் சிறியதாகையால் கடந்தது; கோப்பு பெரிதாகையால் சிக்கிற்று. எல்லாவற்றையும் 1,500க்குத் திருப்பியதும் கோப்பு திறந்தது. சிறியன சென்று பெரியன நின்றால், முதலில் ஐயுற வேண்டியது இவ்வளவையே.

சோதிப்பது எப்படி?

‘பிங்’ என்னும் கட்டளையில், ‘துண்டாக்காதே’ என்ற குறிப்புடன் 8,972 பைட் அனுப்பிப் பாருங்கள். 9,000இல் முகவரிகளுக்கான 28 போக எஞ்சுவது அதுவே. மறுமொழி வந்தால் வழி முழுதும் சீராக உள்ளது. சில அட்டைகளில் 9,014 என்றிருக்கும். அது 14 பைட் முகவரிப் பகுதியையும் சேர்த்த கணக்கு. சுவிட்சில் 9,000க்குச் சற்று மேலாகவே வைத்தல் நலம்.

சேமிப்பகத்திற்கென்றே தனிக் கம்பிவழி இருந்து, அதிலுள்ள ஒவ்வொரு கருவியும் ஒத்துக்கொண்டால் மட்டுமே 9,000 தகும். ஒன்று தவறினாலும் 1,500ஏ நன்று. மலைப்பாதையில் எவ்வளவு பெரிய பாத்திரம் செல்லும் என்பதை முடிவு செய்வது அதன் மிகக் குறுகிய இடுக்கே அல்லவா?