பொட்டாசியம் அளவு 2 நிமிஷத்துல... எமர்ஜென்சியில இரண்டாவது முறை ரத்தம் எடுப்பது ஏன்?

நினைச்சுப் பாருங்க. ராத்திரி 2 மணி. சிறுநீரகப் பிரச்னை இருக்கிற அப்பாவுக்குத் திடீர்னு கால் ரெண்டும் துவண்டு போகுது, நெஞ்சு படபடக்குது. எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடுறீங்க. நர்ஸ் கொஞ்சமா ரத்தம் எடுத்து, பக்கத்துல இருக்கிற மெஷின்ல வைக்கிறாங்க. ரெண்டு நிமிஷத்துல திரையில 'பொட்டாசியம் 7.2'ன்னு வருது.

உடனே ஈ.சி.ஜி, ஊசின்னு வார்டே பரபரக்குது. அப்புறம் நர்ஸ் திரும்பி வந்து, "லேபுக்கு இன்னொரு சாம்பிள் வேணும்"ங்கிறாங்க. "பில் ஏத்துறாங்களோ?"ன்னு மனசுல ஒரு சந்தேகம் வருமே... அதுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இவ்வளவு அவசரம்?

நம்ம ரத்தத்துல பொட்டாசியம் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கணும். இதயத்துடிப்புக்கான மின்சாரம் இந்தக் குறுகின எல்லையை நம்பித்தான் ஓடுது. அளவு ரொம்ப ஏறினாலோ, ரொம்ப இறங்கினாலோ துடிப்பு தாறுமாறாகும். இதயம் நின்னே போகலாம். ஏறினா கால்சியம் ஊசி போட்டு முதல்ல இதயத்தைக் காப்பாத்துவாங்க. அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுத்து பொட்டாசியத்தை செல்களுக்குள்ள தள்ளுவாங்க. தேவைப்பட்டா டயாலிசிஸ்.

லேப் ரிப்போர்ட் வர பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆகிடும். சாம்பிள் லேபுக்குப் போகணும், உறையணும், மெஷின்ல சுத்திப் பிரிக்கணும். அவ்வளவு நேரம் இதயம் காத்திருக்காதே!

மெஷின் எப்படிக் கண்டுபிடிக்குது?

ஆஸ்பத்திரியில 'ஏ.பி.ஜி மெஷின்'னு சொல்வாங்க. வீட்டு குளுக்கோமீட்டர் வேற, இது வேற. ரத்தத்தைப் பிரிக்காம அப்படியே உள்ளே விட்டாப் போதும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு சென்சாருக்கும் மேல ஒரு மெல்லிய சவ்வு. ஒண்ணு பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிடும், இன்னொண்ணு சோடியத்துக்கு, மற்றொண்ணு கால்சியத்துக்கு. அங்கே உண்டாகிற சின்ன மின்னழுத்தத்தை வெச்சு அளவைச் சொல்லிடும்.

சரி, அப்புறம் ஏன் மறுபடியும் ரத்தம்?

இங்கேதான் விஷயமே இருக்கு. சிவப்பணுவுக்குள்ள இருக்கிற பொட்டாசியம், வெளியே இருக்கிறதைவிட 20 மடங்குக்கும் மேல. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைஞ்சா, உள்ளே இருக்கிறது வெளியே கொட்டி, அளவு பொய்யா ஏறும். கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிச்சாலும் அளவு கூடுதலா காட்டலாம்.

லேப்ல சாம்பிளைச் சுத்தினதும் மேலே நிக்கிற தெளிவான நீர் சிவந்திருந்தா, 'அணுக்கள் உடைஞ்சிருக்கு'ன்னு தெரிஞ்சிடும். பக்கத்துல வைக்கிற மெஷின் ரத்தத்தைப் பிரிக்காததால, பொதுவா அது கண்ணுக்குத் தெரியாது. அதனாலதான் மெஷின் சொன்னதை வெச்சு சிகிச்சையைத் தொடங்கிட்டு, லேப்லயும் உறுதிப்படுத்திக்கிறாங்க. சிகிச்சைக்கு அப்புறம் அளவு இறங்குதான்னு பார்க்கவும் திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும்.

நீங்க செய்ய வேண்டியது என்ன?

டாக்டர்கிட்ட இந்த மூணையும் கேட்காமலே சொல்லிடுங்க.

* சிறுநீரகப் பிரச்னை, டயாலிசிஸ் இருக்கா? கடைசி டயாலிசிஸ் எப்போ?

* என்னென்ன மாத்திரை? ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பி.பி மாத்திரைகளும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏத்தலாம். நீர் பிரியக் கொடுக்கிற சில மாத்திரைகள் இறக்கலாம். அதுக்காக நீங்களே நிறுத்திடாதீங்க!

* வாந்தி, பேதி இருந்துச்சா? இளநீர் நிறைய குடிச்சாங்களா? 'சோடியம் குறைஞ்ச உப்பு' பயன்படுத்துறாங்களா? அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலா பெரும்பாலும் பொட்டாசியம்தான் இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவங்களுக்கு இது ரெண்டுமே ஆபத்து.

மாத்திரைச் சீட்டை இப்பவே ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. மெஷினுக்கு 2 நிமிஷம் போதும். உங்க பதிலும் அதே வேகத்துல வரட்டும்!