மலையேற்றத்துக்கான தண்ணீர் பாட்டில்: அடிப்பாகம் சொல்லும் சேதி

ஒரு நாள் மலையேற்றத்தில் பையை அதிகம் கனக்க வைப்பது தண்ணீர்தான். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் நான்கு மணி நேர ஏற்றத்துக்கு 2 லிட்டர், அதாவது 2 கிலோ வேண்டும். கடையில் தண்ணீரோடு வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலை இனி நம்பிப் போக முடியாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அதற்குத் தடை இருக்கிறது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்தே மேலே அனுப்புகிறார்கள். எனவே பல ஆண்டுகள் உழைக்கும் பாட்டில் ஒன்றை வாங்கியாக வேண்டும். வாங்குபவர்கள் நிறத்தையும் மூடியையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உட்புறத்தையும் அடிப்பாகத்தையும்.

எவர்சில்வரில் நம்பத்தக்கது 304 வகை. அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. விலை குறைந்த 201 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள். அது எளிதில் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் சொல்வது சரியன்று. 201 வகையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. வளைத்து அடித்த 304 வகையில் சிறிது ஒட்டுவதும் உண்டு.

நீரைச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ வைத்திருக்கும் பாட்டிலுக்கு இரட்டைச் சுவரும் நடுவே வெற்றிடமும் இருக்கும். ஒற்றைச் சுவர் பாட்டிலைவிட இது மிகவும் கனமானது. பகல்நேர ஏற்றத்துக்குத் தேவையில்லாத சுமை. இதை அடுப்பிலோ நெருப்பிலோ வைக்கவே கூடாது, இரண்டு சுவர்களுக்கு நடுவே அழுத்தம் கூடி வெடித்துவிடும். இன்னொரு ஆபத்து அடியில் இருக்கிறது. வெற்றிடம் உண்டாக்கிய துளையைச் சில தயாரிப்புகளில் ஈயம் கலந்த பற்றாசால் அடைத்து, மேலே ஓர் உலோக வில்லையைப் பதிப்பார்கள். வில்லை இருக்கும்வரை ஈயம் கையிலும் படாது, நீரிலும் கலக்காது. பாறையில் மோதி வில்லை கழன்றுவிட்டால் அந்தப் பாட்டிலை உடனே ஒதுக்கிவிட வேண்டும். குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

அலுமினிய பாட்டில் எடை குறைவு. ஆனால் உட்பூச்சு இல்லாமல் அதில் குடிநீர் வைக்க முடியாது. எனவே அந்தப் பூச்சு எதனால் ஆனது என்பதே கேள்வி. சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம், 2008 ஆகஸ்டுக்கு முன் தயாரித்த பாட்டில்களின் உட்பூச்சில் பிஸ்பீனால்-ஏ (பிபிஏ) என்ற வேதிப்பொருள் சிறிதளவு இருந்ததை 2009இல் ஒப்புக்கொண்டு, பழையவற்றை மாற்றித் தர முன்வந்தது. பூச்சு கீறிய பாட்டிலைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. செம்பு பாட்டிலில் வெறும் நீரை மட்டுமே வைக்கலாம்; எலுமிச்சைச் சாறும் மோரும் புளிப்பால் செம்பைக் கரைக்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன், தாராளமாகப் பயன்படுத்தலாம். 7 என்பது பல வகைகளுக்குப் பொதுவான எண். பிஸ்பீனால்-ஏ கொண்டு செய்யும் பாலிகார்பனேட்டும் அதில் அடக்கம். ‘பிபிஏ இல்லாதது’ என்ற வாசகம் அந்த ஒரு வேதிப்பொருளைப் பற்றியது மட்டுமே. வேறெதுவும் கலக்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

எந்தப் பாட்டிலானாலும் வாய் கை நுழையும் அளவுக்கு அகலமாகவும், மூடியின் ரப்பர் வளையம் கழற்றித் தேய்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பூஞ்சை பிடிப்பது அந்த வளையத்தின் அடியில்தான்.

சட்டம் இதில் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. 2023இல் மத்திய அரசு பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் எவர்சில்வர், அலுமினியம், செம்பு குடிநீர் பாட்டில்களுக்கு ஐ.எஸ். 17803 என்ற தரத்தையும், எவர்சில்வர் வெற்றிடக் குடுவைகளுக்கு ஐ.எஸ். 17526 என்ற தரத்தையும் கட்டாயமாக்கின. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே தர எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் உரிம எண்ணை இட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். போலி முத்திரை பற்றிய புகாரையும் அதிலேயே பதியலாம். முத்திரையிட்ட பொருள் தரத்துக்கு ஒவ்வாதிருந்தால், அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட 2016ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டப்படி அமைவனத்துக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் இழப்பீடு பெறவும் அச்சட்டத்தில் இடமுண்டு.

இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கிருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். விலை 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறைபாட்டை உறுதிசெய்யப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே துருப்பிடித்த பாட்டிலைத் தேய்த்துக் கழுவாமல், பழைய இரும்புக் கடையில் போடாமல், ரசீதோடு அப்படியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.